காற்றடைத்த கொங்கிரீட்: பழைய கூரைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும்

2018 ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் கிரேவ்சென்ட் நகரிலுள்ள ஓர் ஆரம்பப் பாடசாலையில், ஆசிரியர் அறைக்கு மேலிருந்த தட்டைக்கூரை இடிந்து விழுந்தது. வார இறுதி என்பதால் உள்ளே யாருமில்லை. கூரை சிரமப்படுகிறது என்பதற்கான அறிகுறி அதற்கு முந்திய 24 மணித்தியாலத்துக்குள்தான் தென்பட்டிருந்தது. ஒரு நாள், அந்தக் கூரை கொடுத்த அவகாசம் அவ்வளவுதான்.

ஐந்து வருடங்கள் கழித்து, 2023 ஓகஸ்ட் 31ஆம் திகதி, புதிய தவணை தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது, இங்கிலாந்தின் கல்வித் திணைக்களம் 104 பாடசாலைகளுக்கு ஓர் அறிவித்தல் விடுத்தது. இந்தக் கொங்கிரீட் உள்ள வகுப்பறைகளையும் மண்டபங்களையும் உடனடியாக மூடுங்கள் என்பதே அது. பிள்ளைகளின் புதிய சப்பாத்தும் சீருடையும் வாங்கி வைத்திருந்த பெற்றோர், வகுப்பு எங்கே நடக்கும் என்று தெரியாமல் நின்றனர். கூடாரங்களிலும் தற்காலிக அறைகளிலும், சில இடங்களில் இணையவழியாகவும் பாடம் நடந்தது. அதே மாதம் லண்டனின் ஹெரோ பகுதியிலுள்ள முடிக்குரிய நீதிமன்றமும் இதே காரணத்துக்காக மூடப்பட்டது. இலங்கை முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கின்ற பகுதி ஹெரோ. அங்குள்ள நம்மவர் பலர் 'ராக்' என்ற சொல்லைக் கேள்விப்பட்டது அப்போதுதான்.

பிரித்தானியாவில் இன்றிருக்கும் பள்ளிவாசல்கள், மத்ரஸாக்கள், சமூக மண்டபங்கள் பலவும் பள்ளிவாசலாகக் கட்டப்பட்டவை அல்ல. பழைய பாடசாலை, நூலகம், அலுவலகம், கடைத்தொகுதி, களியாட்ட விடுதி என்று வேறொரு தேவைக்காக எழும்பிய கட்டடங்களை ஜமாஅத்தார் சல்லி சேர்த்து வாங்கி மாற்றியமைத்தவை. அரசாங்கப் பாடசாலை என்றால் அமைச்சு கேட்கும். வைத்தியசாலை என்றால் சுகாதார சேவை கேட்கும். ஒரு தெருமூலை மத்ரஸாவின் கூரை எதனால் ஆனது என்று கேட்க அதன் நிர்வாகத்தைத் தவிர வேறு ஆளில்லை. இந்தக் கட்டுரை அந்த நிர்வாகங்களை மனதில் வைத்தே எழுதப்படுகிறது. அங்கே மகனோ மகளோ பேரப்பிள்ளைகளோ உள்ள இங்கிருக்கும் வாசகர்களுக்கும் இது பயன்படும்.

இது என்ன பொருள்?

நம்மூரில் ஸ்லெப் போடுகிற நாள் எப்படியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சீமெந்து, மணல், கருங்கல் சல்லி, தண்ணீர், நடுவில் கம்பிக்கூடு. இந்தக் கலவைக்குப் பலம் கொடுப்பதில் சல்லிக்குப் பெரிய பங்குண்டு. கம்பியைக் கொங்கிரீட் இறுகப் பிடித்துக்கொள்கிறது. இழுவிசையைக் கம்பி ஏற்க, நெருக்குவிசையைக் கொங்கிரீட் ஏற்கிறது.

ராக் எனப்படும் பொருளில் சல்லியே கிடையாது. சீமெந்து அல்லது சுண்ணாம்பு, மிக நுண்ணிய மணல் அல்லது நிலக்கரிச் சாம்பல், தண்ணீர், இவற்றோடு சிறிதளவு அலுமினியத் தூள். அலுமினியம் சுண்ணாம்போடு தாக்கமுற்று ஹைதரசன் வாயுவை வெளிவிடும். பாண் மாவு புளித்துப் பொங்குவதைப் போலக் கலவை அச்சுக்குள்ளே பொங்கி எழும். சற்று இறுகியதும் கம்பியிழையால் அறுத்து, பெரிய இரும்புக் கலனுக்குள் உயர் அமுக்க நீராவியில் பல மணித்தியாலங்கள் வேக வைப்பார்கள். வெளியே எடுத்தால் உள்ளே வட்டிலப்பத்தை வெட்டினது போல எங்கும் கண்கண்ணாகத் துளை. ஹைதரசன் வெளியேறிவிட, துளைகளில் மிஞ்சுவது காற்று மட்டுமே. இப்படி வேக வைத்த காற்றூட்டிய கொங்கிரீட்டுக்குள் கம்பி வைத்துப் பலகையாக வார்த்தால் அதுதான் ராக்.

சுவீடனில் யொஹான் எக்செல் எரிக்சன் என்ற கட்டடக் கலைஞர் 1920களில் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிரித்தானியாவில் 1950கள் முதல் 1990களின் நடுப்பகுதி வரை இதைப் பயன்படுத்தினார்கள். யுத்தத்துக்குப் பிந்திய காலத்தில் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் அவசரமாகத் தேவைப்பட்டன. ஒரு கன மீற்றர் சாதாரணக் கொங்கிரீட் சுமார் 2,400 கிலோ. இதுவோ அதில் நாலில் ஒரு பங்கு அளவுதான், தண்ணீரில் மிதக்கும். தொழிற்சாலையிலிருந்து பலகையாக வரும், கிரேனால் தூக்கிச் சுவருக்குச் சுவர் அடுக்கினால் கூரை முடிந்தது. குளிரையும் ஓரளவு தடுக்கும். அக்காலத்தவர் இதை விரும்பியதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நெருக்குவிசையைத் தாங்குவதில் இதன் பலம் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 2 முதல் 5 நியூற்றன் வரைதான். நாம் வீட்டு ஸ்லெப்புக்குப் போடுகிற கலவை 20 அல்லது 25 நியூற்றன். பலகைக்குள்ளே கம்பி இருக்கிறதே என்று ஆறுதல் அடையவும் முடியாது. இந்தத் துளைப்பொருள் கம்பியை இறுகப் பிடிக்காது. அதனால் பலகையின் இரு அந்தங்களிலும் நீளக் கம்பிகளுக்குக் குறுக்காகச் சிறு கம்பிகளை ஒட்டவைத்து, நங்கூரம் போல அவை இழுத்துப் பிடிக்கும்படி செய்தார்கள். முழுப் பலகையின் உயிரும் அந்த நுனிக் குறுக்குக் கம்பியில்தான் இருக்கிறது.

ஆபத்து இருக்கும் இடம்

நடுவிலே தொய்ந்து நிற்கிற கூரையைக் கண்டால் யாருக்கும் பயம் வரும். இந்தப் பொருளைப் பொறுத்தவரை அதைவிடப் பயப்பட வேண்டியது பலகை சுவரில் அமரும் இடம். அங்கு ஏற்படும் முறிவு வெட்டு முறிவு. மெல்லமெல்லத் தொய்ந்து எச்சரிக்கை கொடுக்காமல், சட்டென்று அறுந்து பலகையோடு கீழே வரும். அந்த இடம் சுவருக்கு மேலே, சீலிங்குக்குப் பின்னே, கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது.

எவ்வளவு நீளம் சுவரில் அமர்ந்திருக்கிறது என்பது முதற் கேள்வி. குறைந்தது 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம் வேண்டும் என்று பிரித்தானியக் கட்டமைப்புப் பொறியியலாளர் நிறுவகத்தின் வழிகாட்டி சொல்கிறது. பழைய கட்டடங்களில் இதைவிடக் குறைவாக அமர்ந்த பலகைகள் நிறைய உண்டு. மூன்று அங்குலத்துக்குள்ளே ஒரு கூரையின் ஆயுள் அடங்கியிருப்பதை நினைத்தால் உடல் கூசும்.

நுனிக் குறுக்குக் கம்பி அங்கே இருக்கிறதா என்பது அடுத்தது. இதுதான் எனக்கு மிகவும் பயமூட்டுகிற விஷயம். பலகை நீளமாக வந்திருக்கும். வேலைத்தளத்தில் மேசன் அதை அளவுக்கு அறுத்திருப்பார். ரம்பத்தால் இலகுவாக அறுக்கலாம் என்பது விற்பனைக்காரர் சொன்ன ஒரு சிறப்பு. அறுத்த துண்டோடு குறுக்குக் கம்பியும் போய்விடும். மிச்சமிருக்கும் பலகையில் நீளக் கம்பி மட்டும், பிடிமானமின்றி, துளைப்பொருளுக்குள் கிடக்கும். கீழே நின்று பார்த்தால் பக்கத்துப் பலகைக்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. கூரை யன்னல் வைப்பதற்கோ, காற்றுக் குழாய் போடுவதற்கோ பிற்காலத்தில் வெட்டிய ஓட்டைகளும் இதே கேட்டைச் செய்யும்.

பிறகு தண்ணீர். சாதாரணக் கொங்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. இந்தப் பொருளுக்கு அந்தக் காவல் குறைவு. அதனால் கம்பிக்குத் தார் போன்ற பூச்சுப் பூசினார்கள். பூச்சு எங்காவது விட்டுப்போனால் துரு தொடங்கும். கடற்கரை ஊர்களில் வாழும் நமக்குக் கொங்கிரீட் துருப்பிடித்தால் என்ன நடக்கும் என்று தெரியும்: கம்பி வீங்கி, கொங்கிரீட்டைப் பிளந்து, அடியிலிருந்து பொருக்குப் பொருக்காக விழும். அது ஒருவகையில் நல்லது, ஏனெனில் காட்டிக்கொடுக்கிறது. ராக்கில் துரு வீங்குவதற்குத் துளைகள் இடம் கொடுத்துவிடுகின்றன. மேலே வெடிப்புத் தெரியாமலே உள்ளே கம்பி கரைந்துபோகலாம். அதோடு, தண்ணீர் ஊறிய பலகை பாரம் கூடி, பலமும் குறைந்துவிடும். தட்டைக்கூரையில் ஓர் அங்குலம் தண்ணீர் தேங்கினால் சதுர மீற்றருக்கு 25 கிலோ பாரம். ஆள் நடமாட்டமில்லாத கூரையைக் கணக்கிடும்போது பராமரிப்பு வேலைக்கென்று ஏற்றுக்கொள்வதே சதுர மீற்றருக்குச் சுமார் 60 கிலோதான். வடிகான் வாயில் இலை அடைத்த ஒரு மழைநாள் போதும், பாதிக்கணக்கு முடிந்துவிட.

இவையெல்லாம் நேற்று முளைத்த அறிவல்ல. 1960களில் போட்ட கூரைகள் சில 1980களிலேயே பழுதாகி அகற்றப்பட்டன. பிரித்தானியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் 1996இலும் 2002இலும் இதைப் பற்றி ஏடுகள் வெளியிட்டது. அளவுக்கு மிஞ்சிய தொய்வும் வெடிப்பும் அவற்றில் சொல்லப்பட்டன. கிரேவ்சென்ட் கூரை விழுந்த பிறகு, 2019 மே மாதம் கட்டமைப்புப் பாதுகாப்பு நிலையியற் குழு எச்சரித்தது. 2022 செப்டெம்பரில் அரசாங்கச் சொத்து அலுவலகம், இப்பொருள் ஆயுள் முடிந்தது, இடிந்து விழக்கூடியது என்று எழுதியது. அறிவு இருந்தது, அது காகிதத்தில் இருந்தது. எந்தக் கட்டடத்தில் இது இருக்கிறது என்ற பட்டியல்தான் இல்லை.

"பார்த்தா நல்லாத்தானே இரிக்கி"

எந்தப் பழைய கட்டடத்தைப் பற்றிப் பேசினாலும் கூட்டத்தில் ஒருவர் சொல்லும் வசனம் இது. 2023 வரைக்கும் பிரித்தானிய அதிகாரிகளும் ஏறத்தாழ இதையேதான் பண்பாகச் சொல்லிக்கொண்டிருந்தனர். பொறியியலாளர் வந்து பார்ப்பார். பலகையின் நிலை மோசமென்றால் 'கடும் ஆபத்து' என்று எழுதி மூடச் சொல்வார். அப்படியில்லை என்றால் கண்காணித்துக்கொண்டு பாவிக்கலாம். அந்த முறை எங்கே உடைந்தது என்பதைக் கல்வியமைச்சே பின்னர் பாராளுமன்றத்தில் விளக்கியது. அந்தக் கோடை காலத்தில் மூன்று இடங்களில், ஒன்று வர்த்தகக் கட்டடம், மற்ற இரண்டும் கல்விக் கட்டடங்கள், கடும் ஆபத்து அல்ல என்று கருதப்பட்ட பலகைகள் பழுதடைந்தன. மூன்றாவது ஓகஸ்ட் கடைசியில். அதன் பிறகுதான், இப்பொருள் இருப்பது உறுதியானால், பாதுகாப்பு ஏற்பாடு செய்யும்வரை அந்த இடத்தைப் பாவிக்க வேண்டாம் என்று பாடசாலைகளுக்குச் சொன்னார்கள்.

அந்தத் தீர்மானம் அவசரமானது, அரசியல் பயத்தால் எடுத்தது என்று அப்போதே விமர்சனம் வந்தது. ஒவ்வொரு ராக் பலகையும் நாளைக்கே விழும் என்பது உண்மையல்ல. சுவரில் நன்றாக அமர்ந்து, நனையாமல், அறுபடாமல் இருக்கிற பலகைகள் பல தசாப்தங்களாகத் தாங்கி நிற்கின்றன. லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பொறியியலாளர் நிறுவகமும் நிலையை அறிந்து தரம்பிரித்து முகாமை செய்யலாம் என்றே சொல்கின்றனர். என் பார்வையில் இரு தரப்பும் சொல்வதில் ஒரே நிபந்தனைதான் மறைந்திருக்கிறது. நல்ல பலகையென்று சொல்ல வேண்டுமானால் அந்த நுனியைப் பார்த்திருக்க வேண்டும். கீழே நின்று சீலிங்கைப் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கைக்குப் பெறுமதி குறைவு.

கண்டறிவது எப்படி?

கட்டடத்தின் வயதிலிருந்து தொடங்கலாம். 1950க்கும் 1990களின் நடுப்பகுதிக்கும் இடையில் கட்டப்பட்டதா, அல்லது அந்தக் காலத்தில் ஏதாவது சேர்த்துக் கட்டப்பட்டதா? இரண்டாவது கேள்வியை நிர்வாகங்கள் கேட்க மறந்துவிடும். "எங்கட பில்டிங் நூறு வருசம் பழசு, செங்கல்லு, இது அதில வராது" என்பார்கள். முன்பக்கம் விக்டோரியா காலத்துச் செங்கல்லாக இருக்கலாம். பின்னால் தட்டைக்கூரை போட்டு 1960களில் சேர்த்த பகுதி இருக்கும். நம்மவர் பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான் வுழூச் செய்யும் இடமாகவும் சமையலறையாகவும் மாற்றியிருப்பார்கள். நீராவியும் ஈரமும் கூடுகிற இடம் அது.

பழைய வரைபடங்கள் உள்ளூராட்சி சபையில் அல்லது முன்னைய உரிமையாளரிடம் கிடைக்கலாம். அதில் பொருளின் பெயர் எழுதியிருந்தாலும், எழுதாவிட்டாலும், முடிவாக நம்பக்கூடாது, கட்டும்போது மாற்றியிருப்பார்கள்.

கண்ணால் பார்க்கையில், அடிப்பக்கம் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் நிறம், சுமார் 600 மில்லிமீற்றர், அதாவது இரண்டு அடிக்கு ஒரு முறை நேர்கோட்டில் பொருத்து, பொருத்தின் ஓரங்களில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் சிறு வெட்டு. சாதாரண வார்ப்புக் கொங்கிரீட்டில் தெரியும் பலகையச்சு அடையாளமோ சல்லியோ இராது. மேல்தளத்தின் கீழே பூசி மெழுகியிருந்தால் இதெல்லாம் மறைந்துவிடும். மரச்சீவலைச் சீமெந்தோடு சேர்த்துச் செய்த பலகையை ராக் என்று தவறாக எண்ணியவர்களும், மறுபக்கமாக எண்ணியவர்களும் உண்டு. திருகாணிச் சாவியின் கூர் நுனியை மெல்ல அழுத்தினால் ராக்கில் இலகுவாக உள்ளே இறங்கும். ஆனால் இதை நிர்வாகத்து இளைஞர்கள் ஏணி வைத்துச் செய்யப் போகக்கூடாது. அந்தக் காலத்துச் சீலிங்குகளிலும் பூச்சுகளிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். முதலில் அதற்கான பதிவேட்டைப் பார்க்காமல் ஓட்டை போட்டால் ஒரு ஆபத்தைத் தேடிப் போய் இன்னொன்றைச் சுவாசிக்க நேரிடும். சந்தேகமுள்ள கூரையின் மேலே ஏறி நடப்பதும் கூடவே கூடாது.

எஞ்சிய வேலை, இந்தப் பொருளில் அனுபவமுள்ள பட்டயப் பொறியியலாளருடையது. கட்டட வேலை தெரிந்த ஜமாஅத் சகோதரரின் அபிப்பிராயம் அதற்கு ஈடாகாது. அவர் எதைப் பார்க்கிறார் என்பதை நிர்வாகம் தெரிந்து வைத்திருந்தால் நல்ல அறிக்கையையும் பெயரளவு அறிக்கையையும் பிரித்தறியலாம். சுவரில் அமரும் நீளத்தை எத்தனை இடத்தில் திறந்து அளந்தார்? நுனியில் குறுக்குக் கம்பி உண்டா என்று கம்பி கண்டறியும் கருவியால் அல்லது சிறிது குடைந்து பார்த்தாரா? தாங்கும் இடத்துக்கு அண்மையில் வெடிப்பு இருக்கிறதா? நீர்க்கறை எங்கே? அறுத்த பலகைகள் எவை? தொய்வு எவ்வளவு? ஐந்து மீற்றர் பலகை ஐந்து சென்றிமீற்றருக்கு மேல், அதாவது நீளத்தில் நூறில் ஒரு பங்குக்கு மேல் தொய்ந்திருந்தால் அது கவலைக்குரியது. பக்கத்துப் பலகைகளுக்கிடையே படி விழுந்தது போல உயரம் வேறுபட்டாலும் அப்படியே. இவற்றை வைத்து அவர் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம்பிரிப்பார். சிவப்பில் கடும் நிலை என்றால் அன்றைக்கே ஆட்களை வெளியேற்ற வேண்டும். பச்சை என்றாலும் மறந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. கால இடைவெளியில் திரும்பப் பார்க்க வேண்டும்.

பாரத்தைப் பற்றிய கேள்வி பள்ளிவாசல்களுக்குத் தனியாக உண்டு. ராக் கூரையில் மட்டுமல்ல, மேல்மாடித் தளமாகவும் போடப்பட்டிருக்கிறது. அலுவலகத் தளத்தை ஒரு சதுர மீற்றருக்கு 2.5 கிலோநியூற்றன் பாரத்துக்குக் கணக்கிடுவது வழமை. ஆட்கள் நெருங்கி நிற்கும் மண்டபத்துக்கு 5 கிலோநியூற்றன். பழைய அலுவலகத்தை வாங்கி மேல்மாடியில் ஜும்ஆ நடத்தினால், அது கட்டப்பட்டபோது எண்ணிப் பார்க்காத இரட்டைப் பாரத்தை அதன்மேல் வைக்கிறோம். தராவீஹ் இரவுகளில் தோளோடு தோள் சேர்ந்த ஸஃப்களை நினைத்துப் பாருங்கள். எந்தப் பொருளால் ஆன தளமாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விதான். ராக் என்றால் கேட்காமல் ஒரு நாளும் கூட்டம் கூடக்கூடாது. சீலிங்கில் தொங்கவிடும் பெரிய சரவிளக்கு, குளிரூட்டி, மேலே வைக்கும் ஃபைபர் குப்பா, சூரியப் பலகைகள் எல்லாம் இதே கணக்கில் வரும்.

இருந்தால் என்ன செய்வது?

முழுவதையும் உடைத்துப் புதுக்கூரை போடுவதுதான் முற்றான தீர்வு. அதுவரைக்கும் சில இடைநிலை வழிகள் உண்டு. அமரும் நீளம் குறைவு என்றால் சுவரோரமாக இரும்புக் கோணம் அல்லது மரத் தாங்கியைப் பொருத்தி நுனியின் கீழே புதிய இருக்கை கொடுக்கலாம். பலகைகளுக்குக் கீழே குறுக்காகப் புதிய பீம்கள் போடலாம். அதுவும் போதாவிட்டால், பலகை விழுந்தாலும் தாங்கிக்கொள்ளும்படி முழுத் தளமாக அடியில் இன்னொரு கட்டமைப்பு. கூரையின் நீர்க்காப்பைச் செப்பனிடுவது மலிவான வேலை, ஆனால் பெரிய பயன் தருவது. பழைய நீர்க்காப்பின் மேல் இன்னொரு படை, அதன்மேல் கல்லுப் படை என்று பாரத்தைக் கூட்டிவிடாமல் கவனிக்க வேண்டும்.

தற்காலிக முட்டுக்கு நிரந்தர உதாரணம் கிங்ஸ் லின் நகரின் ராணி எலிசபெத் வைத்தியசாலை. 4,000க்கும் மேற்பட்ட இரும்பு, மர முட்டுகள் அங்கே கூரையைத் தாங்கி நிற்கின்றன. தாதிமார் முட்டுகளுக்கிடையே நோயாளியின் கட்டிலைத் தள்ளிச் செல்கின்றனர். பெரும்பகுதி ராக்கால் ஆன ஏழு வைத்தியசாலைகளை இங்கிலாந்து அடையாளம் கண்டு, மீளக் கட்ட முடிவெடுத்திருக்கிறது. சுகாதார சேவையின் கட்டடங்கள் அனைத்திலிருந்தும் இதை 2035க்குள் அகற்றுவது இலக்கு. அந்த ஏழில் ஒன்று மேற்கு யோர்க்ஷயரில் 1970இல் திறந்த ஏயார்டேல் வைத்தியசாலை. முஸ்லிம்கள் செறிந்து வாழும் கீத்லி நகரத்தார் பிரசவத்துக்கும் விபத்துக்கும் போவது அங்கேதான். அதில் கூரை மட்டுமின்றிச் சுவரும் தளமும் இதனால் ஆனவை.

பாடசாலைகளில் 2024 பெப்ரவரி ஆகும்போது 234 இடங்களில் இது உறுதியாகியிருந்தது. ஆகக் கூடிய வலி வீடுகளில்தான் தெரிகிறது. ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் டொரி பகுதியில் சுமார் 500 வீடுகளின் கூரை ராக் என்று தெரிந்து, 2024இல் நகரசபை அவற்றை இடிக்க முடிவெடுத்தது. சபை வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு மாற்று வீடு கிடைக்கும். ஆனால் அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவை முன்பு சபையிடமிருந்து மக்கள் விலைக்கு வாங்கிய வீடுகள். ராக் என்ற பெயர் வந்ததும் வீட்டின் பெறுமதி விழுந்தது; கடன் மட்டும் அப்படியே நின்றது. எந்த விலையில் சபை அவற்றைத் திருப்பி வாங்குவது என்பதே அங்கு பெரும் தகராறானது. வாங்கும்போது கூரையைத் திறந்து பார்க்கும்படி யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஜமாஅத்தார் இன்றும் கட்டடம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். விலை பேசி முடித்து, நிதி சேகரிப்பு விருந்து வைத்து, சாவி வாங்கிய பின் பொறியியலாளரைக் கூப்பிடுவதுதான் நான் அடிக்கடி கேள்விப்படும் ஒழுங்கு. வரிசையை மாற்ற வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கட்டமைப்பு அளவாய்வு, அதில் ராக் பற்றித் தனியான ஒரு கேள்வி. கம்பளத்துக்குச் செலவழிப்பதோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் சிறிது. கம்பளத்துக்கு நன்கொடை தரும் கை, சீலிங்குக்கு மேலே பார்ப்பதற்குத் தர யோசிக்கும் என்பதும் உண்மை. வக்ஃபுச் சொத்து அமானிதம் என்று நாம் சொல்வோம்; அதற்குக் கீழே ஸுஜூதில் இருப்பவரின் உயிரும் அதற்குள் அடங்கும் என்பதை விளக்க எவருக்கும் ஃபத்வா தேவைப்படாது. நாட்டுச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது: 1957ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்பாளர் பொறுப்புச் சட்டப்படி, ஓரிடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் அங்கு வருவோரின் பாதுகாப்புக்குப் பொறுப்பு. வாடகைக் கட்டடம் என்றால் எவர் எதற்குப் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் பார்த்து, உரிமையாளருக்கு எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் மறைக்கக்கூடாது. மறைத்ததாகத் தெரிந்தால் காப்புறுதி இருந்தும் இல்லாத கதை.

ஓர் அறையை மூட நேர்ந்தால் ஜமாஅத்துக்கு விடயத்தைத் திறந்து சொல்வது நல்லது. "திருத்த வேலை" என்று மட்டும் ஒட்டிவிட்டால், யாராவது ஒருவர் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதற்குக் கதவைத் திறந்து உள்ளே போய்விடுவார். பெண்கள் பகுதியும் பிள்ளைகளின் ஓதும் அறையும் கட்டடத்தின் பின்னால் சேர்த்த பகுதியிலேயே பெரும்பாலும் இருப்பதால், மூடப்படும் அறை அவர்களுடையதாகத்தான் இருக்கும். அவர்களுக்குப் பிரதான மண்டபத்தில் இடம் ஒதுக்காமல் "வீட்டில இருங்க" என்று அனுப்பிவிடுவது தீர்வாகாது.

கடைசியாக ஒரு நிர்வாக விடயம். நமது சபைகள் இரண்டு மூன்று வருடத்துக்கொரு முறை மாறும். பழைய செயலாளர் வீட்டு அலுமாரியில் அறிக்கை கிடக்கும். புதிய சபை, மின்கட்டணம் குறையும் என்று கூரையில் சூரியப் பலகை பூட்டுவதற்கு ஆள் பிடிக்கும். எந்த அறையின் மேலே ராக் இருக்கிறது, கடைசியாக யார் எந்தத் திகதியில் பார்த்தார், அடுத்து எப்போது பார்க்க வேண்டும், எவ்வளவு பாரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பவற்றை ஒரே தாளில் வரைந்து, சாவிக்கொத்தோடும் கணக்குப் புத்தகத்தோடும் கைமாற்ற வேண்டும். அதன் பிரதியொன்று கூரைக்கு ஏறும் ஏணிக் கதவிலும் ஒட்டப்பட்டிருக்கட்டும். தண்ணீர்க் கசிவு பார்க்க வருகிற பிளம்பர் முதலில் வாசிப்பது அதைத்தான்.